எரியாத மருந்து

மலைக்கு ஓட்டுகிறவன்தான் டிரைவர், மற்றவனெல்லாம் சும்மா ஸ்டியரிங் பிடிக்கிறவன் என்பது சொரிமுத்துவின் கட்சி. அம்பாசமுத்திரத்திலிருந்து மாஞ்சோலைக்குப் போகும் அரசு பஸ் பல வருடமாக அவர் கையில்தான் இருந்தது. மணிமுத்தாறு செக்போஸ்டில் கம்பைத் தூக்கியதும் மீசையை ஒரு தடவை நீவிவிட்டுக்கொள்வார். அதற்கப்புறம் தேயிலை எஸ்டேட் போய்ச் சேருகிற வரை வண்டி நிற்காது. யானை குறுக்கே நின்றால் நிற்கும், அவ்வளவுதான். குமட்டுகிறது, பிள்ளை அழுகிறது, ஒன்றுக்கு வருகிறது என்று யார் என்ன சொன்னாலும் காதில் ஏறாது. நானும் மனுசன்தானே, நான் அடக்கிக்கொண்டு ஓட்டவில்லையா, உட்கார்ந்து வருகிற உங்களுக்கு என்ன வந்தது என்று கண்ணாடியைப் பார்த்தபடியே கேட்பார். கண்டக்டர் ஷேக் மைதீன், விசிலை வாயில் வைத்துக்கொண்டு வேறு பக்கம் பார்ப்பார்.

அடக்குவதில் மனிதரை அடித்துக்கொள்ள ஆளில்லை என்பது உண்மை. காலையில் டெப்போவில் ஒன்றுக்குப் போய்விட்டு வண்டியெடுத்தால், மலையேறி இறங்கி வருகிற வரைக்கும் அவருக்கு அந்த நினைப்பே வராது. இதை ஒரு வித்தை மாதிரி டெப்போவில் சொல்லிப் பீற்றிக்கொள்வார். கேட்கிறவர்களும் வாயைப் பிளந்துகொண்டு கேட்பார்கள். மனுசனுக்குப் பெருமைப்பட என்னென்னவோ இருக்கிறது, இவருக்கு வாய்த்தது இது.

தொண்ணூற்றாறாம் வருடம் மழைக்காலம் முடிந்த கையோடு, ஒருநாள் காலை நீர் சிவப்பாகப் போனது. வலியில்லை, கடுப்பில்லை. முந்தின நாள் தின்ற பீட்ரூட் என்று தனக்குத் தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். பீட்ரூட் தின்னாத நாளிலும் அப்படியே போனதும் மனைவி பாக்கியவதி விடவில்லை. திருநெல்வேலி ஜங்ஷன் பக்கம் ஆஸ்பத்திரி வைத்திருந்த டாக்டர் ஹரிஹரசுப்பிரமணியனிடம் கூட்டிக்கொண்டு போய் உட்கார வைத்துவிட்டாள். சேரன்மகாதேவிக்காரர், சிறுநீர் வியாதிகளுக்கென்றே மேல்படிப்புப் படித்தவர். குழாய் விட்டுப் பார்த்தார், உள்ளே இருந்ததைச் சுரண்டி எடுத்தார், பரிசோதனைக்கு அனுப்பினார். மூத்திரப்பையில் புற்றுநோய் என்று வந்தது.

டாக்டர் மறைத்துப் பேசுகிறவர் இல்லை. இப்போதைக்குப் பையின் மேல்தோலோடு நிற்கிறது, ஆனால் சுரண்டினால் மறுபடி முளைக்கிற சாதி. முளைக்காமலிருக்க வாரம் ஒரு தடவை, ஆறு வாரம், குழாய் வழியாகப் பைக்குள் ஒரு மருந்தை ஊற்ற வேண்டும். அதற்கும் அடங்காமல் வந்தால் பையையே எடுத்துவிட்டு, வயிற்றில் துளை போட்டு, வெளியே ஒரு பிளாஸ்டிக் பையைக் கட்டிக்கொண்டுதான் ஆயுசுக்கும் இருக்க வேண்டும். நோய் ஆழமாக இறங்கிவிட்டால் உயிருக்கே வந்துவிடும். இவ்வளவையும் சொல்லிவிட்டு, வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறீர்களா என்று கேட்டார். ஒன்றும் கிடையாது என்றார் சொரிமுத்து.

வயிற்றில் பையைக் கட்டிக்கொண்டவனுக்கு எந்த அதிகாரி மலை வண்டியைக் கொடுப்பான்? ஸ்டியரிங்கைத் திருப்பும்போது அடிவயிற்றில் அது நசுங்காதா? மாஞ்சோலை சொரிமுத்து என்ற பேர் போய், டெப்போ வாசலில் டோக்கன் எழுதுகிற சொரிமுத்து என்று ஆகிவிடும். உயிர் போவதைவிட அவருக்கு அதுதான் பெரிய பயமாக இருந்தது. டெப்போவில் கல்லடைப்பு என்று சொல்லி வைத்தார். கல்லடைப்பு கௌரவமான வியாதி, பெரிய மனிதர்களுக்கெல்லாம் வருகிறது.

மருந்து ஊற்றுகிற நாளில் பக்கத்துக் கட்டிலில் முக்கூடல் கருத்தையா படுத்திருப்பார். பீடிக்கடை வைத்திருப்பவர், அவருக்கும் இதே வியாதி. ஊற்றின மருந்தை இரண்டு மணி நேரம் வெளியே விடாமல், இப்படியும் அப்படியும் புரண்டு புரண்டு படுக்க வேண்டும். கருத்தையாவால் முடியாது. ஒரு மணி நேரத்திலேயே முகம் கோணி, நர்ஸைக் கெஞ்ச ஆரம்பித்துவிடுவார். நம்ம ஆளோ மூன்று மணி நேரமானாலும் கட்டிலை விட்டு இறங்க மாட்டார். போதும் எழுந்திருங்கள் என்று நர்ஸ்தான் விரட்ட வேண்டும். எங்க பஸ்ஸில் ஏறினால் உம்ம கதி என்ன ஆகும் வே என்று கருத்தையாவைச் சீண்டிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ராஜநடை போட்டுப் போவார்.

வாரம் போகப் போகக் கருத்தையாவின் பாடு படுமோசமானது. எரிச்சல் என்றால் எரிச்சல், உயிர் போய் உயிர் வருகிற எரிச்சல். இரண்டு நாள் காய்ச்சல், கைகால் உளைச்சல். மனுசன் இளைத்தே போனார். சொரிமுத்துவுக்கோ ஒன்றுமே இல்லை. இன்றைக்கு மருந்து, நாளைக்கு மலை வண்டி. எங்கும் நிற்காமல் ஏறினார், நிற்காமல் இறங்கினார். இந்த உடம்பை எந்த மருந்தும் அசைக்க முடியாது என்று பாக்கியவதியிடம் மார்தட்டினார்.

ஆறு வாரமும் முடிந்து, கொஞ்சம் ஆறவிட்டு, டாக்டர் மறுபடி குழாய் விட்டுப் பார்த்தார். கருத்தையாவின் பை சுத்தமாக இருந்தது. சொரிமுத்துவின் பையில் இரண்டு இடத்தில் புதிதாக முளைத்திருந்தது.

கட்டி இந்த மருந்துக்கு மசியவில்லை, பையை எடுத்துவிடுவதுதான் நல்லது, வீட்டில் கலந்து பேசிவிட்டு வாருங்கள் என்றார் டாக்டர். சொரிமுத்துவின் முகத்தில் ஈயாடவில்லை. அம்பாசமுத்திரத்துக்குத் திரும்புகிற பஸ்ஸில் பாக்கியவதி பக்கத்தில் ஜன்னலோரம் உட்கார்ந்தார். சேரன்மகாதேவி தாண்டும்போது வண்டியை ஓட்டினவன் கியரைக் கரகரவென்று மாற்றினான். வேறு நாளாக இருந்தால் எழுந்து போய்த் திட்டியிருப்பார். அன்றைக்கு அது அவர் காதிலேயே விழவில்லை.

மறுநாள் பொழுது விடிந்ததும் துக்கமெல்லாம் போய் ஆத்திரம் வந்துவிட்டது. ஒரு மணி நேரம் அடக்க முடியாமல் அழுதவனுக்குச் சுகமாகும், மூன்று மணி நேரம் கல்லு மாதிரிப் படுத்திருந்தவனுக்கு ஆகாது, இது எந்த ஊர் நியாயம்? சட்டையை மாட்டிக்கொண்டு டாக்டரிடம் சண்டைக்குக் கிளம்பிவிட்டார். தனியே விட்டால் என்ன செய்வாரோ என்று பாக்கியவதியும் கூடவே ஓடினாள்.

டாக்டர் பொறுமையாகத்தான் கேட்டுக்கொண்டிருந்தார். கருத்தையாவுக்கு ஊற்றியது நல்ல மருந்து, எனக்கு ஊற்றியது வீணாய்ப்போன மருந்தா என்ற கேள்விக்குக்கூட அவர் கோபப்படவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டார். "அண்ணாச்சி, ஒங்களுக்கு ஒரு வாரங்கூடவா எரியல?"

சொரிமுத்துவுக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது.

"எரியவா? எரிய விட்டாத்தானே எரியும். மலை வண்டி ஓட்டுதவன் என்ன, வளைவுக்கு வளைவு எறங்கி ஒதுங்கிட்டா நிப்பான்? அதுக்கெல்லாம் மின்னாடியே சூட்டு மாத்திரையப் போட்டுருவேம்லா."

டாக்டர் பேனாவை மேஜையில் வைத்தார். என்ன சூட்டு மாத்திரை என்று கேட்டார்.

டிரைவர்களுக்குள் அது ஒரு வழக்கம். என்ஜின் பக்கத்திலேயே வெந்துகொண்டு உட்கார்ந்திருப்பதால் எல்லாருக்கும் அவ்வப்போது நீர்க்கடுப்பு வரும். பஸ் ஸ்டாண்டு மெடிக்கலில் போய் சூட்டு மாத்திரை என்று கேட்டால் போதும், டாக்டர் சீட்டெல்லாம் வேண்டாம், கிழித்துக் கொடுத்துவிடுவார்கள். வரும் முன்னே ஒன்று, வந்த பின்னே ஒன்று. டீ குடிப்பது மாதிரி. அதைப் போய் யாராவது மருந்து என்று சொல்வார்களா? வேறு மருந்து உண்டா என்று டாக்டர் கேட்ட அன்றைக்குச் சொரிமுத்து பொய் சொல்லவில்லை, அவர் கணக்கில் அது மருந்தே இல்லை. இப்போதும் பெருமையோடு சட்டைப் பைக்குள் கையை விட்டு அட்டையை எடுத்து மேஜையில் போட்டார். மருந்து ஊற்றுகிற காலையில் ஒன்று, சாயங்காலம் ஒன்று, மறுநாளும் இரண்டு, ஆறு வாரமும் ஒரு வேளைகூடத் தவறவில்லை என்று வேறு சொன்னார்.

டாக்டர் அட்டையைத் திருப்பிப் பார்த்தார். சிப்ரோ என்கிற ஆன்டிபயாடிக். நெற்றியைப் பிடித்துக்கொண்டார்.

பிறகு நிதானமாக விளக்கினார். பச்சைப் பிள்ளைகளுக்குக் காசநோய் வராமலிருக்க கையில் ஓர் ஊசி போடுகிறார்களே, தழும்பு விழுமே, அதே கிருமிதான் இந்த மருந்தும். உயிரோடு இருக்கிற, ஆனால் பலம் போன கிருமி. அது பைக்குள் போய்ச் சுவரில் ஒட்டிக்கொள்ளும். உடம்பு அதைப் பார்த்து, வீட்டுக்குள் திருடன் வந்துவிட்டான் என்று விழித்துக்கொள்ளும். திருடனை அடிக்க வருகிற கூட்டம் பக்கத்தில் பதுங்கியிருக்கிற புற்றையும் சேர்த்து அடிக்கும். அதுவரை புற்று சொந்தக்காரன் மாதிரி வேஷம் போட்டு உடம்பை ஏமாற்றிக்கொண்டிருந்தது. கருத்தையாவுக்கு வந்த எரிச்சலும் காய்ச்சலும் அந்தச் சண்டையினால் வந்தவை.

"இந்த மாத்திரை காசநோய்க் கிருமியவே கொல்லுத மாத்திரை. நான் வாராவாரம் ஆளை உள்ள அனுப்புதேன், நீங்க அத்தனை பேரையும் வாசல்லயே காலி பண்ணிட்டு, ஏன் வேலை நடக்கலன்னு எங்கிட்ட வந்து சண்டை போடுதீங்க" என்றார் டாக்டர்.

மேஜையில் கிடந்த அட்டையைச் சொரிமுத்து எடுத்துச் சட்டைப் பைக்குள் திரும்பச் செருகினார். பீற்றிக்கொள்ள எடுத்த ஒன்றை அவர் ஒளித்துவைத்தது அதுதான் முதல் தடவை என்று பாக்கியவதி பிற்பாடு எல்லாரிடமும் சொன்னாள்.

கட்டிதான் மருந்தை ஜெயித்ததா, மாத்திரைதான் மருந்தைத் தோற்கடித்ததா என்று சத்தியமாகத் தனக்குத் தெரியாது என்றார் டாக்டர். பையை இப்போதே எடுத்துவிட்டால் உயிருக்கு அது பத்திரம். இல்லையென்றால், முளைத்ததைச் சுரண்டிவிட்டு, இன்னொரு ஆறு வாரம் மாத்திரை இல்லாமல் ஊற்றிப் பார்க்கலாம். அப்போதும் மசியாவிட்டால் அதற்குள் நோய் ஆழமாக இறங்கியிருக்கவும் கூடும். இரண்டில் ஒன்றை நீங்கள்தான் சொல்ல வேண்டும் என்று எழுந்து வெளியே போனார், புருஷனும் பெண்டாட்டியும் பேசிக்கொள்ளட்டும் என்று.

எடுத்துவிடுங்கள் என்றுதான் பாக்கியவதிக்கு வாய் வரை வந்தது. உயிரோடு இருந்தால் போதும், பஸ் யாருக்கு வேண்டும்? ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் அந்தப் பேச்சை விழுங்கிவிட்டாள்.

"இன்னொரு தடவை பாப்போம்னு சொல்லப் போறீங்க, அப்படித்தானே? ஒங்க வீம்புக்காகவா, உசுருக்காகவா? அதை மட்டும் எனக்குச் சொல்லுங்க."

"ரெண்டுக்குந்தான் பாக்கியம்" என்றார். பொய் சொல்ல அவருக்கு அப்போது தெம்பில்லை.

பாக்கியவதி கொஞ்ச நேரம் சேலைத் தலைப்பைத் திருகிக்கொண்டிருந்தாள். சரி, பார்ப்போம், ஆனால் கல்லடைப்பு என்று ஊரை ஏமாற்றினது போதும், டெப்போவில் போய் உள்ளதைச் சொல்ல வேண்டும் என்றாள். தலையை ஆட்டினார். ஆட்டினாரே தவிரச் சொல்லவில்லை. சுரண்டி முடித்து, புண் ஆறி, மருந்து ஆரம்பிக்கிற வாரம் லீவு கேட்கப் போனபோதும் வாயில் கல்லடைப்புதான் வந்தது.

இந்தத் தடவை மருந்து மருந்தாக வேலை செய்தது. வீட்டுக்கு வந்து சாயங்காலம் முதல் தடவை நீர் விட்டபோது சுவரைப் பிடித்துக்கொண்டார். மிளகாய்த்தூளைக் கரைத்து உள்ளே ஊற்றினது போல இருந்தது. கால் மணிக்கு ஒரு தடவை ஓடினார், போனால் நாலு சொட்டு, அந்த நாலு சொட்டுக்கு நாலு ஊர் எரிச்சல். உடம்பு அனலாகக் கொதித்தது. பாக்கியவதி பயந்துபோய், பாதி மாத்திரையாவது போடுங்களேன் என்று கெஞ்சினாள். வீட்டிலிருந்த அட்டைகளை எல்லாம் அவள் கண் முன்னாலேயே சாக்கடையில் போட்டுவிட்டு வந்து படுத்தார்.

"எரியட்டும். எரியுதுன்னா உள்ள வேலை நடக்குதுன்னு அர்த்தம். நல்லா எரியுது பாக்கியம்" என்றார். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னாலும் அந்தக் குரலில் ஒரு பெருமை இருந்தது. இவரைத் திருத்த முடியாது என்று அவளுக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது.

ஒவ்வொரு தடவையும் காய்ச்சல் விடுகிற வரை லீவு போட்டுவிட்டு அதற்கப்புறம்தான் வண்டியெடுத்தார். மூன்றாவது மருந்து முடிந்து வேலைக்குப் போன அன்று, கூட்டம் பிதுங்கியது. எஸ்டேட் பெண்கள் அம்பாசமுத்திரத்தில் அரிசி, பருப்பு வாங்கிக்கொண்டு ஏறியிருந்தார்கள். செக்போஸ்ட் தாண்டி நாலைந்து வளைவு போனதுமே சொரிமுத்துவுக்கு அடிவயிறு சுண்டி இழுத்தது. அடக்கினார். அடக்குவதில் பேர் வாங்கின ஆள். அடுத்த வளைவில் நெற்றியில் வேர்த்து வழிந்தது. இந்தப் பக்கம் பாறை, அந்தப் பக்கம் பள்ளம், பின்னால் அத்தனை உயிர். அகலமான இடமாகப் பார்த்து வண்டியை ஓரங்கட்டி, கைப்பிரேக்கை இழுத்து, ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் பாறைக்குப் பின்னால் ஓடினார்.

திரும்பி வந்தபோது பஸ்ஸே எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. என்ஜின் சூடு என்று சொல்லிச் சமாளிக்கலாம் என்றுதான் நினைத்துக்கொண்டு வந்தார். ஏறி நின்று அத்தனை முகங்களையும் பார்த்ததும் பொய் வரவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டே சொன்னார்.

"எனக்கு மூத்திரப்பையில புத்துநோய். மருந்து போட்டிருக்கு, அடக்க முடியல. இனி வண்டி வழியில நிக்கும். அவசரமாப் போணும்னு இருந்தா, அடுத்த தடவை வேற வண்டி பாத்து ஏறிக்கிடுங்க."

ஷேக் மைதீனின் விசில் வாயிலிருந்து நழுவிக் கழுத்துக் கயிற்றில் தொங்கியது. முன் சீட்டில் அரிசிப் பையை மடியில் வைத்திருந்த ஒரு பெண் எழுந்தாள். கொழுந்து பறிக்கிறவள், வருடக்கணக்காக அந்த வண்டியில் வருகிறவள். சொரிமுத்துவுக்கு அவள் முகம் தெரியும், பேர் தெரியாது.

"நாங்க வருசக்கணக்கா அடக்கிக்கிட்டுத்தான் வாரோம் டிரைவரண்ணே" என்றாள். "மாசமா இருக்கும்போதும் அடக்கிக்கிட்டு வந்தேன். நிப்பாட்டுங்கன்னு கேட்டதுக்கு நீங்க கண்ணாடியில மொறைச்சீங்க."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அரிசிப் பையை சீட்டில் வைத்துவிட்டு இறங்கினாள். அவள் பின்னாலேயே ஏழெட்டுப் பெண்கள் இறங்கி, சாலையின் மேல்பக்கம் புதர் மறைவுக்குப் போனார்கள். ஆண்கள் எல்லாரும் பள்ளத்துப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். சொரிமுத்து ஸ்டியரிங்கைப் பிடித்தபடி கல்லாக உட்கார்ந்திருந்தார். எரிச்சல் அடிவயிற்றில் இருந்ததா, நெஞ்சில் இருந்ததா என்று அவருக்கே தெரியவில்லை. பெண்கள் திரும்பி வந்து ஏறி, கடைசி ஆளும் உட்கார்ந்த பிறகுதான் என்ஜினைக் கிளப்பினார்.

அன்றைக்கு சாயங்காலமே டெப்போ முழுக்கத் தெரிந்துவிட்டது. மலை வண்டியைப் பிடுங்கிவிடுவார்கள் என்று எதிர்பார்த்தார். மேனேஜர் கூப்பிட்டு, இதை முதலிலேயே சொல்வதற்கென்ன என்று ஒரு பாட்டம் திட்டிவிட்டு, மீதி மருந்தும் முடிகிற வரை வீட்டிலிருக்கச் சொன்னார். திரும்பி வந்தால் வண்டி உமக்குத்தான், அதற்கு ஆஸ்பத்திரியில் சுகம் என்று எழுதிக் கொடுக்க வேண்டும் என்றார். ஆக எல்லாம் டாக்டர் குழாய் விட்டுப் பார்க்கிற அந்த ஒருநாளில் வந்து நின்றது.

அந்த நாளும் வந்தது. இடுப்புக்குக் கீழே மரத்துப்போக ஊசி போட்டுப் படுக்க வைத்திருந்தார்கள். தலைமாட்டில் ஒரு டிவி. குழாயின் நுனி காட்டுவதெல்லாம் அதில் தெரியும். போன தடவைகளில் சொரிமுத்து கண்ணை இறுக்கி மூடிக்கொண்டிருந்தார். இந்தத் தடவை கண்ணைத் திறந்து வைத்திருந்தார். சிவப்புச் சிவப்பாக ஒரு குகை மாதிரி தெரிந்தது. டாக்டர் சுவர் சுவராக மெல்ல நகர்த்தினார், கட்டி இருந்த இரண்டு இடத்திலும் நிறுத்தி நிறுத்திப் பார்த்தார்.

அந்தச் சிவப்பு என்ன டாக்டர் என்று சொரிமுத்து கேட்டார்.

"ஒங்க உடம்பு போட்ட சண்டை அண்ணாச்சி. அடிச்ச அடியில சுவரெல்லாம் கன்னிப் போயிருக்கு." டாக்டர் நிமிர்ந்தார். முகமூடிக்கு மேலே அவர் கண் கலங்கியிருந்தது. "கட்டி இல்ல. எங்கயுமே இல்ல. இந்தச் சிவப்பு அடங்கட்டும், அப்புறம் நீங்க மலை ஏறலாம்."

சொரிமுத்துவுக்குக் கண்ணீர் காதுக்குள் வழிந்தது, துடைக்கக்கூட இல்லை. பிறகு பாக்கியவதியைக் கூப்பிடச் சொன்னார். அந்த அறைக்குள் வெளியாட்களை விடுவதில்லை என்றாள் நர்ஸ். டாக்டர் தலையசைத்ததும் பச்சை அங்கியை மாட்டிக் கூட்டி வந்தாள். ஊரில் எவனாவது தன் மூத்திரப்பையைப் பெண்டாட்டிக்குக் காட்டிப் பெருமைப்பட்டதுண்டா? இவர் காட்டினார். இங்கன பார், அங்கன பார், இந்த இடத்தில்தான் இருந்தது, இப்போது ஒன்றுமில்லை பார் என்று விரலை நீட்டி நீட்டிக் காட்டினார். அவள் டிவியை ஒரு தடவை பார்த்தாள், அப்புறம் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்று மாதத்துக்கு ஒரு தடவை வந்து காட்ட வேண்டும், மாத்திரையைத் தொடக் கூடாது, பீடி சிகரெட் பக்கமே போகக் கூடாது என்று சொல்லிக்கொண்டே டாக்டர் கையுறையைக் கழற்றினார். புண்ணெல்லாம் ஆறிவிட்டால் பை பழைய மாதிரி ஆகிவிடும், முன்னே மாதிரி மலை உச்சி வரைக்கும் நிறுத்தாமலே ஓட்டலாம் என்று தைரியமும் சொன்னார்.

"ஓட்டிருவேன் டாக்டர்" என்றார் சொரிமுத்து. "ஆனா நிப்பாட்டுவேன். பொம்பளைக எறங்கணும்லா."